அன்னாசி சேர்த்தால் தயிர் திரிகிறது, கசக்கிறது. என்ன தப்பு?

கேள்வி
வணக்கம். வெறும் தயிர் எனக்கு நன்றாகவே உறைகிறது. பழத்தயிர்தான் வரமாட்டேன் என்கிறது. 1 லிட்டர் பாலைக் காய்ச்சி, வெதுவெதுப்பானதும் ஒரு கப் அன்னாசி விழுது, சர்க்கரை, உறைத் தயிர் எல்லாம் சேர்த்துக் கலந்து மூடி வைத்தேன். 8 மணி நேரம் கழித்துப் பார்த்தால் மேலே திரிதிரியாக, கீழே தண்ணீர். வாயில் வைத்தால் ஒரே கசப்பு. அடுத்த முறை ஸ்ட்ராபெரி போட்டேன். கசக்கவில்லை, ஆனால் கரண்டியில் நிற்காமல் ஓடியது. உறை கெட்டுவிட்டதா?

பதில் 1
உறைமேல் சந்தேகமே வேண்டாம். வெறும் பாலை அதே உறைதானே கட்டியாக்குகிறது! கசப்பு அன்னாசியால் வந்தது. வேகவைக்காத அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. அது பால் புரதத்தை வெட்டிவிடும்; வெட்டுப்பட்ட துண்டுகள்தான் கசக்கின்றன. கிவி, பப்பாளியிலும் இதே வேலையைச் செய்யும் நொதிகள் உண்டு. பழத்தைச் சர்க்கரையோடு கொதிக்கவிட்டு, நீர் சுண்டும்வரை வேகவைத்தால் நொதி செயலிழந்துவிடும். டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடுபட்டது, அதனால் இந்தத் தொல்லை இல்லை. பச்சையாகத்தான் வேண்டுமென்றால், சாப்பிடும் நேரத்தில் தயிரின் மேல் போட்டு உடனே சாப்பிட்டுவிடுங்கள்.

பதில் 2
மேலே சொன்னது சரி. ஆனால் ஸ்ட்ராபெரிக்கு அந்தக் காரணம் பொருந்தாது. அங்கே பழத்தின் நீரும் புளிப்பும்தான் கெடுத்திருக்கும். எந்தப் பழமானாலும் உறைவதற்கு முன்னால் பாலில் கலக்காதீர்கள். முதலில் வெறும் தயிராக உறையட்டும், ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிரட்டும், அப்புறம் பழம். சர்க்கரையும் அப்போதே, அளவு கூடினால் பாக்டீரியா மந்தமாகிவிடும்.

இன்னொன்று, பாலை எவ்வளவு நேரம் காய்ச்சினீர்கள்? பொங்கியதும் இறக்கிவிடாமல் 85 டிகிரி செல்சியஸில் 10 நிமிடமாவது வைத்திருங்கள். பாலின் தெளிநீரில் உள்ள மோர்ப் புரதம் விரிந்து, கேசின் என்ற இன்னொரு பால் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், தயிர் கெட்டியாகும். 43 டிகிரிக்கு இறங்கியதும் உறை ஊற்றுங்கள். உறையும்போது பாத்திரத்தை அசைக்கவே கூடாது. வெனிலா, காபி, எலுமிச்சைத் தோல் போன்ற வாசனைகளை மட்டும் சூடான பாலிலேயே ஊறவைத்து வடிகட்டலாம். அது அருமையாக வரும்.

கேட்டவர்
இரண்டு பேருக்கும் மிக்க நன்றி! அன்னாசியை ஜாம் பதத்துக்குச் சுண்டவைத்து, ஆறியதும் குளிர்ந்த தயிரின் மேல் போட்டேன். மறுநாள் வரைக்கும் கசக்கவில்லை. கரண்டியால் எடுத்த பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் நீர் தேங்குகிறது. அது பரவாயில்லையா?

பதில் 2
பரவாயில்லை, அது தயிரிலிருந்து பிரியும் தெளிநீர்தான். இன்னும் கெட்டியாக வேண்டுமென்றால் பழம் சேர்ப்பதற்கு முன் தயிரை மெல்லிய துணியில் 2 மணி நேரம் ஃபிரிட்ஜிலேயே வடியவிடுங்கள். அடுத்த முறைக்கான உறையையும் பழம் சேர்ப்பதற்கு முன்பே எடுத்து வைத்துவிடுங்கள்.