3060 12 ஜிபியா, 4060 8 ஜிபியா? கலியாண வீடியோக்காரனுக்கு ஒரு முடிவு சொல்லுங்கள்

தெஹிவளை கமரா:
கலியாண வீடியோ எடிட் செய்கிறேன், இரவில் கொஞ்சம் கேம். இருப்பது ரைசன் 5 3600, பி450 மதர்போர்ட், ஜிடிஎக்ஸ் 1650 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்ட். டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் 4கே டைம்லைனில் இரண்டு எஃபெக்ட் போட்டாலே "ஜிபியு மெமரி ஃபுல்" என்று வந்து நின்றுவிடுகிறது. கொழும்பு யூனிட்டி பிளாசாவின் கம்பியூட்டர் கடைகளில் ஒரு சுற்றுச் சுற்றியதில் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கும் கார்டுகள் இரண்டு. ஆர்டிஎக்ஸ் 4060 8 ஜிபி, புதுசு. ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, பாவித்தது, விலை குறைவு. கடைக்காரர் 4060தான் என்கிறார், அவர் அப்படித்தானே சொல்வார். எதை எடுப்பது?

வெள்ளவத்தை வாட்:
4060, யோசிக்கவே வேண்டாம். 3060 வந்தது 2021இல், சாம்சங்கின் 8 நானோமீட்டர் சிப், 170 வாட் இழுக்கும். 4060 2023 ஜூனில் வந்தது, 115 வாட்தான். கோர் எண்ணிக்கை 3584க்கு 3072 என்று குறைவாகத் தெரியும், ஆனால் கடிகார வேகம் 1.78 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.46க்கு ஏறியிருக்கிறது, அதனால் 1080பி கேம்களில் 15 முதல் 20 சதவீதம் வரை முன்னுக்கு நிற்கும். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளின் ரெண்டரில் வித்தியாசம் இன்னும் கூட. கரண்ட் பில்லையும் பாருங்கள் தம்பி, 55 வாட் வித்தியாசம், நாளுக்கு 5 மணித்தியாலம் முழு லோடில் ஓடினால் மாதம் 8 யூனிட்டுக்கு மேல். நம் படிமுறைக் கட்டணத்தில் அந்த 8 யூனிட் உங்களை அடுத்த படிக்கு ஏற்றிவிட்டால் அப்புறம் தெரியும்.

பழைய இரும்பு:
8 யூனிட்டுக்காக 4 ஜிபியை விடச் சொல்கிறீர்களா? அவர் வந்ததே மெமரி நிறைகிறது என்ற பிரச்சினையோடு.

அண்ணர் வசதியாக விட்டுப்போன எண்களை நான் சொல்கிறேன். 3060 12 ஜிபிக்கு 192 பிட் மெமரிப் பாதை, விநாடிக்கு 360 ஜிபி. 4060க்கு 128 பிட், 272 ஜிபி. பெரிய விஷயம் இனித்தான் இருக்கிறது: கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸில் 4060 8 லேன் மட்டும்தான் பாவிக்கும், 3060 16 லேன். தம்பியின் பி450 போர்டோ பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0. அதாவது அவர் வீட்டில் 4060க்குக் கிடைப்பது விநாடிக்கு சுமார் 8 ஜிபி, 3060க்கு 16. கார்டின் மெமரி நிறையாத வரை இது பெரிதாகத் தெரியாது. நிறைந்து சிஸ்டம் ரேமுக்கு வழிய ஆரம்பித்ததும், ஒஃபிஸ் விடுகிற நேரத்தில் கொழும்பு காலி வீதியின் (Galle Road) ஒரு பக்கத்தை மூடிவிட்ட மாதிரி ஆகிவிடும். 8 ஜிபி கார்ட் முதலில் நிறையும், வழிகிற பாதையும் அதற்குத்தான் ஒடுக்கம்.

வெள்ளவத்தை வாட்:
பாதை ஒடுக்கம் என்று மட்டும் சொன்னால் போதுமா? 3060இல் சிப்புக்குள்ளேயே இருக்கிற எல்2 கேஷ் மெமரி 3 எம்பி, 4060இல் 24 எம்பி. வெளி மெமரிக்கு ஓடவேண்டிய தேவையே பாதிக்கு மேல் குறைகிறது என்றுதான் மெமரிப் பாதையைச் சுருக்கினார்கள். அதோடு 3600 மாதிரிப் பழைய சிபியு பல புதுக் கேம்களில் மூச்சு வாங்கும், அங்கே டிஎல்எஸ்எஸ் 3 ஃப்ரேம் ஜெனரேஷன் சிபியுவைத் தொடாமலே ஃப்ரேமைக் கூட்டித் தரும். 3060இல் அது கிடையாது. வீடியோவை ஏவி1 என்ற புது வடிவத்தில் சுருக்குகிற என்கோடரும் 4060இல் மட்டும்தான்.

பழைய இரும்பு:
கேஷ் 1080பிக்கு உதவும், ஓம். 4கே டைம்லைனில் அதன் உதவி குறையும், 8 ஜிபியை அது 12 ஆக்கவும் போவதில்லை. ஃப்ரேம் ஜெனரேஷனை ஆன் பண்ணினால் அதுவே தனக்கென்று கொஞ்சம் மெமரி கேட்கும். 2023 மார்ச்சில் "த லாஸ்ட் ஒஃப் அஸ்" பிசிக்கு வந்தபோது, அல்ட்ராவில் 8 ஜிபி கார்டுகள் திக்கித் திணறியதை எல்லோரும் பார்த்தோம், பிறகு பேட்ச் போட்டுத்தான் சரிப்படுத்தினார்கள்.

ஏவி1 கதையை விடுங்கள். கலியாண வீட்டார் கேட்பது பென் டிரைவில் போட்டு டிவியில் செருகியதும் ஓடுகிற எச்.264. ஏவி1இல் கொடுத்தால் மாமியார் வீட்டு டிவியில் படம் வராது, உங்கள் மிச்சக் காசும் வராது.

மட்டக்குளி மின்மினி:
இரண்டு பேரும் கார்டைப் பற்றியே சண்டை பிடிக்கிறீர்கள், பாவித்தது என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. 3060இல் நிறைய கிரிப்டோ காசு மைனிங்கில் ஓடியவை. எதீரியம் மைனிங் 2022 செப்டெம்பரோடு நின்றுபோனது, அதற்குப் பிறகு மலிவாகக் கைமாறிய கார்டுகள் ஏராளம். மைனிங் கார்ட் என்றாலே குப்பை என்று நான் சொல்லவரவில்லை. பிரச்சினை ஃபேனிலும், சூட்டைக் கடத்துகிற தெர்மல் பேடிலும்தான். கார்டைத் திருப்பி, பின்தட்டின் ஓரத்தில் விரலை வைத்துப் பாருங்கள், பிசுபிசுவென்று எண்ணெய் ஒட்டினால் பேட் கசிந்திருக்கிறது. பிராக்கெட் திருகாணியில் துரு இருந்தால் கடற்கரைப் பக்க வீட்டில் நின்ற கார்டாக இருக்கும், உப்புக்காற்று உள்ளேயும் போயிருக்கும்.

இன்னொன்று. 3060இலேயே 8 ஜிபி ஒன்று இருக்கிறது, 2022 கடைசியில் வந்தது, கோர் அதேதான், பாதை 128 பிட்டாக வெட்டியது. பெயர் ஒன்றாக இருப்பதால் பெட்டியைப் பார்த்து ஏமாறலாம். கார்டின் விவரம் காட்டுகிற ஜிபியு-இசட் மென்பொருளைப் போட்டு 192 பிட் என்று வந்தால் மட்டும் காசைக் கொடுங்கள்.

உண்மையில் எவ்வளவு மெமரி தேவை என்று தெரிய, உங்களிடம் உள்ள கனமான புரொஜெக்டைத் திறந்துவிட்டு டாஸ்க் மேனேஜரில் டெடிக்கேட்டட் (கார்டின் சொந்த மெமரி), ஷேர்ட் (சிஸ்டம் ரேமிலிருந்து எடுப்பது) இரண்டையும் பாருங்கள்.

தெஹிவளை கமரா:
பார்த்தேன் அக்கா. ரிசப்ஷன் டைம்லைன் ஒன்றில் 4 ஜிபியும் முழுக்க நிரம்பி, ஷேர்டில் இன்னும் 5 ஜிபிக்கு மேல் நிற்கிறது.

வெள்ளவத்தை வாட்:
அதனால் 9 ஜிபி கட்டாயம் வேண்டும் என்று ஆகிவிடாது, ரிசால்வ் கிடைக்கிறதையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். டைம்லைனை ப்ரொக்சியில், அதாவது தரம் குறைத்த பிரதியில், ஓட்டினால் 8 ஜிபியில் சமாளிக்கலாம். சரி, 4கே வேலைதான் சோறு போடுகிறது என்றால் 3060ஐ எடுங்கள், நான் தடுக்கவில்லை. அப்புறம் இங்கே வந்து ஃப்ரேம் ஜெனரேஷன் எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள்.

பழைய இரும்பு:
ஏன் கேட்கக் கூடாது? ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 3 உள்ள கேம்களில் 3060இலும் ஃப்ரேம் ஜெனரேஷன் ஓடும்.

வெள்ளவத்தை வாட்:
ஓடும், படத்தின் தரத்தைப் பற்றி மட்டும் கதைக்கக் கூடாது.

தெஹிவளை கமரா:
அப்போ 3060 12 ஜிபி பக்கம் போகிறேன். கடைக்காரர் ஒரு மாதம் வாரண்டி என்று வாயால் சொல்கிறார், பில்லில் எழுதச் சொன்னால் சிரிக்கிறார்.

மட்டக்குளி மின்மினி:
எழுதித் தராதவரிடம் எடுக்காதீர்கள் தம்பி. அதே கட்டடத்தில் வேறு கடை இல்லையா என்ன. அரை மணித்தியாலம் ஒரு ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓடவிட்டுப் பார்க்கவும் சம்மதிக்கிறவராகப் பாருங்கள்.