மறு: எக்ஸ்ரன் – தமிழ்ல என்னன்னு வைக்கலாம்?

> எக்ஸ்ரன்ங்கறது ஓவர்ரன்தானே, ஓவர்னா மிகை, ரன்னா ஓட்டம், அதனால "மிகையோட்டம்"னு போட்டுட்டு அடுத்த சொல்லுக்குப் போயிடலாமே.

வேண்டாம்ங்க ஐயா. நாம தமிழ்ப்படுத்துற ஆடியோ ப்ரோகிராம்கள்ல எக்ஸ்ரன்னா, சவுண்டை எடுக்கவோ கொடுக்கவோ ப்ரோகிராம் நேரத்துக்கு வராம போறது. மிகையோட்டம்னா ப்ரோகிராம் ரொம்ப வேகமா ஓடுதுன்னுதான் படிக்கிறவங்களுக்குத் தோணும், ஆனா அங்க நடக்குறது நேர் எதிர். ரெக்கார்டிங்கையே எடுத்துக்குங்க: சவுண்ட் கார்டு நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியோட அளவு) எடுத்து பஃபர்ங்கற தற்காலிக மெமரில கொட்டிக்கிட்டே இருக்கும், அது யாருக்காகவும் நிக்காது. லினக்ஸோட சவுண்ட் அமைப்பான ஆல்சாவுல அந்த பஃபரை பீரியட் பீரியடா பிரிச்சு வச்சிருப்பாங்க, ஒரு பீரியட் 256 ஃப்ரேம்னு (ஒரு ஃப்ரேம்னா ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு சாம்பிள்) வச்சா கிட்டத்தட்ட 5.3 மில்லி செகண்டுக்கு ஒரு தடவை நம்ம ப்ரோகிராம் எந்திரிச்சு வந்து அள்ளிட்டுப் போயாகணும். மொத்தம் மூணு பீரியட்னா 16 மில்லி செகண்ட் வரைக்கும்தான் அவகாசம். அதுக்கும் வரலேன்னா பஃபர் நிரம்பிடும், ஆல்சா ஈபைப்னு ஒரு எரரைத் தூக்கிப் போட்டு நின்னுடும், திரும்ப ப்ரிப்பேர் பண்ணித்தான் கிளப்பணும், நடுவுல போன சவுண்ட் போனதுதான்.

ஏன் லேட்டாகுதுன்னா யூனிக்ஸ் பொறந்ததே பலபேருக்கு நேரத்தைப் பங்கு போட்டுக் கொடுக்க, யாருக்கு எப்ப சிபியுன்னு முடிவு பண்ற சாதாரண ஷெட்யூலருக்கு நம்ம ஆடியோ த்ரெட்டும் (ப்ரோகிராமுக்குள்ள தனியா ஓடுற ஒரு வேலை) ஒண்ணுதான் பின்னாடி ஓடுற ப்ரௌசரும் ஒண்ணுதான். ரியல்டைம் முன்னுரிமை வாங்கிட்டாலும் அந்த த்ரெட்டுக்குள்ளயே மெமரி கேக்குறது, மியூடெக்ஸ்ல (ஒரு நேரத்துல ஒரு த்ரெட்டை மட்டும் விடுற பூட்டு) காத்திருக்குறது, நேரா டிஸ்க்ல எழுதுறதுன்னு பண்ணா போச்சு. அதனாலதான் ஜாக்ங்கற ஆடியோ சர்வர் ஒவ்வொரு பீரியடுக்கும் கூப்பிடுற கால்பேக் ஃபங்ஷன்ல எதுக்காகவும் காத்து நிக்காதேன்னு கறாரா சொல்லுவாங்க, சாம்பிளை ரிங் பஃபர்ல (சுத்திச் சுத்தி நிரப்புற பஃபர்) போட்டுட்டு கிளம்பிடணும், டிஸ்க்ல எழுதுறது வேற த்ரெட்டோட வேலை. 2024ல லினக்ஸ் 6.12 கெர்னல்ல ரியல்டைம் பேட்ச் மெயின்லைனுக்கே, அதாவது அதிகாரப்பூர்வ கோடுக்கே, வந்தாச்சு, ஆனா நம்ம கோடே லாக் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா கெர்னல் என்ன பண்ணும்?

ஆகவே தப்புறது கெடு. என்னோட பரிந்துரை: பீரியட் = தவணை, எக்ஸ்ரன் = தவணை தவறல். ஆர்டோர்ங்கற ரெக்கார்டிங் ப்ரோகிராம்ல எக்ஸ்ரன் வந்தா ரெக்கார்டிங்கை நிறுத்தவான்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதை "தவணை தவறினால் பதிவை நிறுத்து"ன்னு வச்சுப் பாருங்க, கோடே தெரியாத பாட்டு வாத்தியாருக்கும் புரியும்.

---

> தவணை தவறல்

தம்பி, பேங்க் லோன் ஞாபகம்தான் வருது :) "ஒலி அறுபடல்" போதாதா?

---

லோன் ஞாபகம் வந்தா நல்லதுதானே ஐயா, ரெண்டுலயும் நாள் தவறினாதான் வம்பு. அறுபடல்ங்கறது காதுல கேக்குற விளைவு. மைக் ஒயர் லூசா இருந்தாலும் அறுபடும், நெட்ல பேசும்போது பாக்கெட் தொலைஞ்சாலும் அறுபடும், அதெல்லாம் எக்ஸ்ரன் இல்ல. சில சமயம் எக்ஸ்ரன் ஆகியும் காதுக்குத் தெரியாமலே போயிடும், எக்ஸ்ரனை எண்ணுற கவுன்ட்டர் மட்டும் ஏறியிருக்கும். ரெக்கார்டிங் பக்கத்துல பஃபர் நிரம்புற ஓவர்ரனுக்கு "வழிதல்", ப்ளேபேக் பக்கத்துல பஃபர் காலியாகுற அண்டர்ரனுக்கு "வறளல்"னு தனியா வச்சுக்கலாம், ரெண்டுக்கும் பொதுவாத்தான் எக்ஸ்ரன், அதாவது தவணை தவறல்.

---

இலங்கையில எங்களுக்குத் தவணை எண்டால் பள்ளிக்கூடத்து முதலாம் தவணை, ரெண்டாம் தவணைதான், கடன் உடனே ஞாபகம் வராது. பீரியட்டுக்கு அது இன்னும் நல்லாப் பொருந்துது. நான் ஆதரவு. ஆனா ஓபன்பிஎஸ்டிகாரரையும் யோசியுங்கோ, அதின்ர சவுண்ட் அமைப்பான எஸ்எண்டிஐஓவில எக்ஸ்ரன் எண்டே ஒரு செட்டிங் இருக்கு, அங்க பீரியட் எண்டு சொல்லுறேல்ல, பிளாக் எண்டுதான் சொல்லுறது.

---

நல்ல பாயின்ட். ஆல்சாவுக்கு முன்னாடி லினக்ஸ்ல இருந்த பழைய சவுண்ட் அமைப்பான ஓஎஸ்எஸ்லயும் பீரியடை ஃப்ராக்மென்ட்னுதான் சொல்லுவாங்க, ஃப்ரீபிஎஸ்டில இன்னும் ஓஎஸ்எஸ்தான் ஓடுது. பிளாக்குக்கும் ஃப்ராக்மென்ட்டுக்கும் "துண்டம்"னு வச்சுட்டு, தவறலை மட்டும் எல்லா இடத்துலயும் ஒண்ணா வைக்கலாம்னு நினைக்கிறேன். ஞாயிறு வரைக்கும் யாரும் மறுக்கலேன்னா சொற்பட்டியல்ல ஏத்திடறேன். லேட்டன்சிக்கு (ஒலி உள்ள போய் வெளிய வர ஆகுற நேரம்) "தாமதம்"னு ஏற்கனவே மூணு ஃபைல்ல போட்டிருக்காங்க, எதிரொலி மாதிரி கேக்குற டிலே எஃபெக்ட்டுக்கும் அதேதான் போட்டிருக்காங்க, அதுக்குத் தனி மெயில் இழை ஆரம்பிங்கப்பா.