குமரிக் கடற்கரையில் நடைப்பயணப் பாதை: வேண்டுமா, வேண்டாமா?

பார்வதிபுரம் நடையாளர்:
ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் நீளும் நம் மாவட்டக் கடற்கரையை நான்கைந்து நாளில் நடந்தே கடக்கும் விடுமுறைப் பயணத்துக்கு அரசு வழியமைத்துத் தர வேண்டும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கன்னியாகுமரி முனையில் சூரிய உதயத்தைப் பார்த்து, விவேகானந்தர் பாறைக்குப் படகில் போய்த் திரும்பி, மறுநாளே ஊருக்கு வண்டி ஏறிவிடுகிறார்கள். மணக்குடிக் காயலின் அலையாத்திக் காடும், முட்டத்துப் பாறைகளும், 1741-இல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரரை முறியடித்த குளச்சலும் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. வேல்ஸில் பெம்புரோக்சயர் கடற்கரையை 1952-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள்; 1970-இல் திறக்கப்பட்ட அதன் நடைபாதை ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளமுடையது. நடப்பவர்கள் வழியிலுள்ள சிற்றூர்களில் தங்கிச் செலவிடுகிறார்கள். இங்கு ஏன் அது கூடாது?

இனயத்து மகள்:
அண்ணாச்சி, அந்த வேல்ஸ் பாதை பெரும்பாலும் செங்குத்துப் பாறைகளின் மேலே, வயல் ஓரமாகச் செல்வது. எங்கள் கரையில் கடலுக்கும் வீட்டு வாசலுக்கும் இடையே இருக்கும் மணல்தான் எங்கள் தொழிற்கூடம். கரமடி, அதாவது கரையில் நின்று இழுக்கும் பெருவலை, இழுப்பதை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். மடியின் இரண்டு கயிறுகளும் கடலிலிருந்து கரை வரை விறைத்து நிற்க, இரண்டு வரிசையாக ஆட்கள் குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னோக்கி நகர்வார்கள். அவர்களுக்கு முதுகுப் பக்கம் யார் வருகிறார் என்று தெரியாது. கயிற்றின் குறுக்கே ஒருவர் நுழைந்தால் இழுவையின் தாளம் கெடும், மடியின் வாய் சாய்ந்து மீன் நழுவும். அதற்கப்பால் நெத்திலி காயும், வலை காயும். இவற்றின் நடுவே தோள்பையோடு இருபது பேர் நடந்து போனால் அதை அழகிய அனுபவம் என்று அவர்கள் எழுதிக்கொள்வார்கள். எங்களுக்கு அது வேலைக் கெடுதி.

இன்னொன்று, குளச்சலுக்கு மேற்கே பல ஊர்களில் நடப்பதற்கு மணலே இல்லை. கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கற்களும், கடலுக்குள் நீளும் கற்சுவர்களான தூண்டில் வளைவுகளும்தான் இருக்கின்றன.

முட்டம் வலைஞர்:
எனக்கு முதற்கவலை உயிர்ப் பாதுகாப்பு. 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துச் சென்றது. அது கள்ளக்கடல் எச்சரிக்கை விடப்பட்டிருந்த காலம். தெற்கே வெகுதொலைவில் இந்தியப் பெருங்கடலில் எழும் புயலின் அலை இங்கு வந்து சேரும்போது காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. வானம் தெளிவாகவே இருக்கும், நீர் மட்டும் ஏறி வரும். வெளியூர்க்காரரால் அதைக் கணிக்க இயலாது. ஆகவே சித்திரை, வைகாசியில் எச்சரிக்கை உள்ள நாட்களிலும், தென்மேற்குப் பருவமழைக் காலம் முழுவதும் பாதையை மூட வேண்டும். மீதியுள்ள நல்ல மாதங்களான தையும் மாசியும், ‘பங்குனி ஆமை’ எனப்படும் கடலாமைகள் முட்டையிடும் காலம். இரவில் விளக்கு எரிந்தால் பொரித்து வெளிவரும் குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்துவிடும். மணலைப் பிடித்து வைத்திருக்கும் அடும்பங்கொடியை மிதித்துக் கூடாரம் அடிப்பதையும் அனுமதிக்கக் கூடாது. பகல் நடை மட்டும் என்றால் நான் ஆதரிப்பேன்.

பார்வதிபுரம் நடையாளர்:
பகல் நடையை ஏற்கிறேன். முழுக் கரையையும் ஒரேயடியாகத் திறக்க வேண்டியதில்லை. பள்ளம் முதல் முட்டம் வரை முதலில் செய்து பார்க்கலாம், வள்ளங்கள் கரையேறும் இடங்களில் பாதையை ஊர்த் தெருவுக்குத் திருப்பிவிடலாம், தங்குமிடம் ஏற்கெனவே இருக்கும் வீடுகளில் மட்டும் என்று விதிக்கலாம்.

ஆனால் சகோதரி, பார்வையாளர்களே வராத கரை பத்திரமாக இருக்கிறதா? கிள்ளியூர் வட்டத்தில் 1,144 எக்டேரில் அணுக்கனிம மணல் எடுக்கும் திட்டத்தை மக்கள் எதிர்த்தபோது, மாவட்டத்துக்கு வெளியே எத்தனை பேருக்கு அந்த ஊர்களின் பெயர் தெரிந்திருந்தது? ஒரு கரையைக் காலால் அளந்தவர்கள் அதற்காகக் குரல் கொடுப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனயத்து மகள்:
குரல் கொடுக்க வருகிறவர்களை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனி, ஆடியில் அலை கல்சுவரைத் தாண்டி வீட்டுக்குள் விழும்போது வாருங்கள். முட்டத்து வலைஞர் பாதையை மூடச் சொல்லும் மாதங்கள்தான் எங்கள் கரையின் உண்மை நிலையைக் காட்டுபவை.

பாதைக்குப் பின்னால் வரக்கூடியதே எனக்குப் பெரிய அச்சம். 2019-ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கடற்கரைப் பகுதிகளில், கட்டடம் எழுப்பக் கூடாத எல்லையை உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டராகக் குறைக்க வழி செய்தது. முன்பு அது 200 மீட்டர். நெருக்கமாக வாழும் எங்களைப் போன்ற ஊர்களைத்தான் இது தொடும். இன்றைக்கு நடப்பவருக்கு ஓர் அறை என்பீர்கள். பாதை பெயர் பெற்ற பிறகு மனை விலை ஏறும், கரையோரத்தில் விடுதி எழும், சுனாமிக்குப் பின் கட்டிக்கொடுத்த வீடுகளில் நெருக்கியடித்து வாழும் எங்கள் பிள்ளைகளுக்கு ஊரில் இடம் இருக்காது. குடிநீரும் அப்படித்தான். கிணறு உப்பாகிப்போன ஊரில் விருந்தினருக்குக் குளிக்கத் தண்ணீர் எங்கிருந்து வரும்?

முட்டம் வலைஞர்:
விடுதிப் பயம் நியாயமானது. அதனால்தான் உரிமத்தைச் சுற்றுலாத் துறை மட்டும் வழங்கக் கூடாது என்கிறேன். ஊர்க் கமிட்டியும் தேவாலயத்தின் பங்குப் பேரவையும் கூடி, இந்த ஆண்டு வேண்டாம் என்றால் பாதை அந்த ஊரைச் சுற்றிப் போக வேண்டும். மீன்பாடு உள்ள நாளில் காலையில் கொடி கட்டினால், அன்று அந்த மீன்பிடித் துறைக்குள் யாரும் இறங்கக் கூடாது.

பார்வதிபுரம் நடையாளர்:
கொடி முறை நல்லது. ஆயினும் ஒவ்வோர் ஊருக்கும் நிரந்தர மறுப்புரிமை கொடுத்தால் தொடர்ச்சியான பாதை என்ற ஒன்றே அமையாது; துண்டு துண்டாக நடப்பதற்கு யாரும் தொலைவிலிருந்து வர மாட்டார்கள்.

இனயத்து மகள்:
பாதை துண்டுபடுவது உங்களுக்கு இழப்பு என்றால், துறை துண்டுபடுவது எங்களுக்குப் பட்டினி. ஊரின் மறுப்புரிமை திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதப்படாத வரை, எங்கள் கரைவழியாக இந்தப் பாதை வரக் கூடாது என்பதே என் நிலை.