காத்து ரெண்டு மடங்கானா கரண்ட் எத்தனை மடங்கு? நாலாங்கிளாஸ் பஞ்சாயத்து

ஆற்காட்டான்: நேத்து ஒரு டீச்சரம்மா எழுதியிருந்தாங்க, நாலாங்கிளாஸ் பசங்களுக்கு காத்தாலை பாடம் எடுத்தேன், "காத்து வேகம் ரெண்டு மடங்கானா கரண்டும் ரெண்டு மடங்கு"ன்னு போர்டுல எழுதிப் போட்டேன்னு, அதுவும் பெருமையா. படிச்சதுல இருந்து தூக்கம் போச்சு. ரெண்டு இல்லம்மா. எட்டு.

காட்பாடி டீச்சர்: நான்தாங்க அது. எட்டாம் வாய்ப்பாடே தடுமாறுற பசங்க. பொம்மை காரு மோட்டார்ல வாட்டர் பாட்டிலை வெட்டி இறக்கையா ஒட்டி டேபிள் ஃபேன் எதிர்ல பிடிச்சோம், மூணுல வெச்சதும் சிவப்பு எல்.இ.டி மினுக்குன்னு எரிஞ்சுது, பசங்க போட்ட கூச்சல்ல எச்.எம் ஓடி வந்துட்டாரு. ஒரு வாண்டு கேக்கறான், "மிஸ், ஃபேனுக்கே கரண்ட் போவுது, அதுல இருந்து கரண்ட் எடுத்து இன்னா லாபம்?" இதவிட இன்னா பாடம் வேணும்?

ஆற்காட்டான்: ஃபேனை ஒண்ணுல வெச்சப்ப எரிஞ்சுதா? எரியல இல்ல? அதான் எட்டு.

வயர்மேன் தொரப்பாடி: அண்ணே, எல்.இ.டிக்கு ஒரு அளவு வோல்ட் வராம எரியவே எரியாது. உங்க எட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

ஆற்காட்டான்: வந்துட்டாரு. கேட்டுக்கோங்க தம்பி, வேகம் ரெண்டு மடங்கானா அதே நேரத்துல இறக்கை வழியா போற காத்தும் ரெண்டு மடங்கு, அந்தக் காத்துல கிலோவுக்கு இருக்கற சக்தி நாலு மடங்கு, ஈரெண்டு நாலு, நாலிரண்டு எட்டு, இதுக்கு எட்டாம் வாய்ப்பாடு எதுக்கு, ரெண்டாம் வாய்ப்பாடே போதும், அதுகூட வராதுன்னா அது பசங்க தப்பு இல்ல.

காட்பாடி டீச்சர்: யார் தப்புன்னு நேராவே சொல்லுங்க சார்.

குடியாத்தம் மாப்ளே: நான் நாகர்கோவில்காரன், பொண்ணு எடுத்தது இங்க. காத்துன்னா ஆரல்வாய்மொழி கணவாயில ஆடி மாசம் வந்து நில்லுங்க, அப்புறம் பேசலாம். வேலூர்ல பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஓலைக் காத்தாடி செஞ்சு குடுத்தாப் போதும்.

சத்துவாச்சாரி: காத்தாடின்னா இங்க பட்டம்யா, நூலு கட்டி விடறது. எங்க வேலூரை தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டைன்னு ஊரே சொன்னது பத்தாதா, காத்தும் இல்லன்ட்டியா?

குடியாத்தம் மாப்ளே: பட்டம் பட்டம்தான், காத்தாடி சுத்தறது. தமிழ் தெரியாட்டி நான் என்ன செய்ய?

வயர்மேன் தொரப்பாடி: நெஜ காத்தாலையில எப்பவும் எட்டு வராதுண்ணே. ஒரு வேகத்துக்கு மேல இறக்கையைத் திருப்பி கரண்டை மட்டுப்படுத்திடும், வினாடிக்கு 25 மீட்டர் கிட்ட காத்தடிச்சா பெரும்பாலும் நிறுத்தியே வெச்சிடுவாங்க.

ஆற்காட்டான்: அந்த வேகம் வர்ற வரைக்கும்? எட்டுதானே? எங்க ஆற்காட்டு ஸ்வீட்டு மக்கன் பேடாவை குலாப் ஜாமூன்னு சொன்ன ஆளுதானே நீ, உள்ள முந்திரி பாதாம் வெச்சதுகூட நாக்குக்குத் தெரியல, காத்தாலை தெரிஞ்சிடுமா?

வயர்மேன் தொரப்பாடி: இப்பவும் சொல்றேன், ஜாமூன்தான்.

காட்பாடி டீச்சர்: நாளைக்கு அந்தப் பையன் மறுபடி கேப்பான். ஃபேன் விஷயத்துக்கு ஒருத்தராவது பதில் சொல்றீங்களா?

ஆற்காட்டான்: மொதல்ல போர்டுல இருக்கற ரெண்டை அழிங்க.

காட்பாடி டீச்சர்: அழிக்க மாட்டேன்.

சத்துவாச்சாரி: யோவ் மாப்ளே, தமிழ் யாருக்குத் தெரியாது? இரு வரேன்.