களனி கங்கை டிவி நிகழ்ச்சி: கித்துல்கல படகுக்காரர்கள் சொல்வது

பின்சீட்டு:
இலங்கையின் களனி கங்கை பற்றி, அதிலும் நாம் ராஃப்ட் (காற்றடித்த ரப்பர்ப் படகு) ஓட்டுகிற கித்துல்கலப் பகுதி பற்றி, டிவியில் போன நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் இங்கே எழுதுங்கள். படம் அழகு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூங்கில் வளைவுக்கு மேலே ட்ரோன் ஏறுகிற இடத்தில் தினமும் துடுப்பு போடுகிற ஆளே வாய் பிளந்து பார்ப்பான். இடித்தது ஒன்றுதான்: "யாருக்கும் அடங்காத காட்டாறு" என்று மூன்று தடவை சொன்னார்கள். காசல்ரீ, நோர்ட்டன் பிரிட்ஜ், மவுசாக்கலை, கென்யோன், லக்ஷபான என்று அணைக்கு அணை தேங்கி, குழாயில் இறங்கி, டர்பைனைச் சுற்றிவிட்டு வருகிற தண்ணி இது. நிகழ்ச்சியில் அணை என்ற சொல்லே வரவில்லை. அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் வானத்தைப் பார்க்கிறார்கள், மேகம் இல்லை என்றதும் பாறையில் போய் உட்காருகிறார்கள். அழகைக் காட்டினது சரி, ஆறு எப்படி வேலை செய்கிறது என்று ஒரு நிமிடமாவது சொல்லியிருக்கலாம்.

நோர்ட்டன் பக்கம்:
சொல்லாமல் விட்டதை இங்கே போட்டுவிடலாம். மேலே இரண்டு ஓயா (கிளையாறு). கெஹெல்கமு ஓயாத் தண்ணி காசல்ரீயில் தேங்கி, விமலசுரேந்திர மின்நிலையம் (50 மெகாவாட்) வழியாக நோர்ட்டன் பிரிட்ஜ் குளத்துக்கு வந்து, அங்கிருந்து பழைய லக்ஷபானவுக்கு இறங்கும். மஸ்கெலி ஓயாத் தண்ணி மவுசாக்கலையில் தேங்கி, கென்யோன் (60 மெகாவாட்), பிறகு புதிய லக்ஷபான. இரண்டு தண்ணியும் லக்ஷபான குளத்தில் சேர்ந்து பொல்பிட்டியவுக்குப் போகிறது. அதற்கும் கீழே இப்போது 35 மெகாவாட் புரோட்லாண்ட்ஸ் மின்நிலையம் வந்திருக்கிறது. அது கட்டின காலம் முழுக்க ராஃப்டிங் என்ன ஆகுமோ என்ற பேச்சு ஓயவே இல்லை.

இதில் பெரிய தேக்கம் காசல்ரீயும் மவுசாக்கலையும் மட்டும்தான். நடுவில் இருக்கிறவை சின்னக் குளங்கள், அதிக நேரம் தாங்காது. அதனால் நடப்பது இரண்டு. மழையில்லாத காலத்தில் ஆற்றின் மட்டம் கரண்டுத் தேவையைப் பின்பற்றிப் போகும். நாட்டில் மின்பாவனை உச்சத்துக்குப் போவது மாலை 6.30 முதல் 10.30 வரை. காலையில் பாறை எண்ணிக்கொண்டு போகிற ஆறு, மெஷின் ஓடத் தொடங்கினால் மேகமே இல்லாமல் ஏறும். அடைமழைக் காலத்தில் நடப்பது வேறு. குளம் நிரம்பி வான்கதவு திறக்கும், அல்லது தானாக வான்பாயும். "கென்யோன், லக்ஷபான வான்கதவுகள் திறப்பு, இரு கரைகளிலும் உள்ளோர் அவதானம்" என்று ரேடியோவில் வந்தால் அது மேலே மலையில் இருக்கிற ஹட்டன்காரனுக்குச் சொன்ன செய்தி என்று நினைக்க வேண்டாம். கித்துல்கலக் கரையில் துணி துவைக்கிறவருக்கும் சேர்த்துத்தான்.

பின்சீட்டு:
அண்ணே, அந்த இரண்டு ஏற்றமும் பார்வைக்கு எப்படி வித்தியாசப்படும் என்றும் சொல்லுங்க. டிவி பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு அதுதான் தெரிய வேண்டும்.

நோர்ட்டன் பக்கம்:
மழைத் தண்ணி என்றால் நிறம் முதலில் மாறும். பச்சை, தேத்தண்ணி நிறம், பிறகு செம்மண். கூடவே குச்சி, வாழைமட்டை, நுரை. இதைப் பார்த்தால் எவனும் பயப்படுவான். மெஷின் தண்ணி தெளிந்தே ஏறும், ஆபத்து அதில்தான். பார்க்க வேண்டியது பாறையின் ஓரம். தண்ணிக்கு மேலே கறுப்பாக ஓர் ஈரப் பட்டை தெரிந்தால் மட்டம் இறங்குகிறது. தண்ணி தொடுகிற இடத்துக்கு மேலே பாறை காய்ந்து வெளுத்திருக்க, ஓரத்தில் சருகு மிதக்கத் தொடங்கினால் ஏறுகிறது. கரையில் கிடந்த சருகைத் தண்ணி இப்போதுதான் எடுத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். சத்தத்தையும் கவனியுங்கள். சின்னச் சின்னப் படியில் விழுகிற சலசலப்பு அடங்கிப் போனால் ஆறு அமைதியாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. படியே மூழ்கிவிட்டது.

கயாக் தம்பி:
அந்த அறிவிப்பாளர் அக்கா நடு ஆற்றுப் பாறையில் கால் தொங்கப்போட்டு, லைஃப் ஜக்கட் இல்லாமல், ஐந்து நிமிடம் பேசினாரே, அந்த இடம் தெரிந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பார்த்திருப்பார்கள். பாறை மூழ்குவது கடைசியாகத்தான். அதற்கும் கரைக்கும் நடுவில், வரும்போது முழங்காலளவு இருந்த கால்வாய், அதுதான் முதலில் நிரம்பும். பாறையில் இருக்கிறவருக்குக் கால் நனையாது, ஆனால் திரும்புகிற வழி போயிருக்கும். அப்போது நடந்து கடக்கப் பார்ப்பதுதான் உயிரை எடுக்கிறது. ஓடுகிற தண்ணியில் முழங்காலுக்கு மேலே நின்றால் பாதம் இரண்டு கல்லுக்கு நடுவில் சிக்கும். சிக்கினதும் தண்ணி முதுகில் தள்ளி ஆளை முகம் குப்புறச் சாய்க்கும். நீச்சல் தெரிந்தும் பயனில்லை. பாறையில் மாட்டினால் அங்கேயே உட்கார்ந்து விசில் ஊதுங்கள், அல்லது துணியை ஆட்டுங்கள். கயிறு வரும்வரை இறங்க வேண்டாம்.

பின்சீட்டு:
சரி, ராஃப்ட் காட்சிக்கு வருவோம். கெமராவுக்கு முகம் தெரிய வேண்டும் என்று ஹெல்மட்டைப் பின்னால் தள்ளிவிட்டிருந்தார்கள். நெற்றி மூடாத ஹெல்மட்டும் தொப்பியும் ஒன்றுதான். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் அகலம்தான் இடைவெளி, தாடைப் பட்டியில் ஒரு விரல் நுழைந்தால் போதும். லைஃப் ஜக்கட் என்றால், பூட்டி இறுக்கின பிறகு பின்னால் ஒருவர் நின்று இரண்டு தோள்பட்டியையும் மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். காது வரை ஏறினால் சைஸ் பெரிது, அல்லது இடுப்புப் பட்டி லூஸ். தண்ணிக்குள் அது ஏறி முகத்தை மூடும், ஆள் கீழே இருப்பார்.

துடுப்பை இரண்டு கையாலும் நடுத்தண்டில் பிடித்திருந்தார்கள். மேல்கை துடுப்பின் மேல்நுனியில் இருக்கிற டி (T) வடிவப் பிடியில் இருந்து ஒரு நொடி கூட விலகக் கூடாது. சும்மா ஆடுகிற அந்த டி-பிடிதான் பக்கத்தில் இருக்கிறவர் பல்லை உடைக்கிறது. இந்த ஆற்றில் அலை செய்கிற காயத்தை விடத் துடுப்பு செய்கிற காயம் அதிகம் என்று எந்தக் கைடைக் கேட்டாலும் சொல்வான்.

உட்காருகிற முறையும் தப்பு. படகின் நடுவில் குந்தியிருந்தால் துடுப்பு தண்ணிக்கு எட்டாது. வெளிக் குழாயின் மேலேயே உட்கார்ந்து, முன்காலை முன் சீட்டுக் குழாயின் அடியில் செருக வேண்டும். இறுக்கமாக, ஆனால் கவிழ்ந்தால் கழன்று வருகிற மாதிரி. கயிற்றுக்குள் காலை விடவே கூடாது.

கயாக் தம்பி:
அண்ணே, அந்தப் பாறையில் மோதுகிற காட்சி?

பின்சீட்டு:
அதற்குத்தான் வருகிறேன் தம்பி. படகு பக்கவாட்டாகப் போய்ப் பாறையில் சாய்ந்தபோது ஆறு பேரும் பாறையை விட்டு விலகி இந்தப் பக்கம் சாய்ந்தார்கள். எல்லோருக்கும் இயல்பாக வருகிற அசைவு அதுதான், தப்பும் அதுதான். பாரம் முழுக்க மேலாற்றுப் பக்கக் குழாயில் விழும், அந்தக் குழாய் அமுங்கும், தண்ணி உள்ளே ஏறும், படகு பாறையில் ஒட்டின சுவரொட்டி மாதிரி மடிந்துவிடும். பிறகு கப்பிபோட்டு இழுத்தாலும் சில நேரம் வராது. செய்ய வேண்டியது நேர்மாறு. "ஹை சைட்" என்று சத்தம் வந்ததும் எல்லோரும் பாறைப் பக்கக் குழாயின் மேல் பாய வேண்டும், பாறையைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி. மேலாற்றுக் குழாய் எழும்பினால் தண்ணி அடியில் போகும், படகு சுழன்று கழரும். மூன்று நொடிக்குள் நடக்க வேண்டிய வேலை, அதனால் கரையிலேயே இரண்டு தடவை பழக்கிவிட்டுத்தான் இறக்க வேண்டும். டிவியில் அதைச் சிரிப்புச் சத்தம் போட்டு ஓட்டினார்கள்.

தோணித்துறை:
வெட்டி ஒட்டினதையும் கவனித்தீர்களா? ஒரே பாய்ச்சல் (பாறைகளுக்கு நடுவில் ஆறு வேகமாக இறங்குகிற இடம்) மூன்று கோணத்தில் மூன்று பாய்ச்சலாக வந்தது. மேலே நுழையும்போது மஞ்சள் ஹெல்மட், கீழே வெளியே வரும்போது சிவப்பு. தண்ணியும் ஒரு ஷொட்டில் பச்சை, அடுத்ததில் பழுப்பு. கீழே இருந்து தூர லென்ஸ் போட்டு எடுத்தால் நான்கு அலையும் ஒன்றன்மேல் ஒன்று அமுங்கி ஒரே சுவர் போலத் தெரியும். ஹெல்மட்டில் மாட்டுகிற அகல லென்ஸில் எடுத்தால் நேர்மாறு, உண்மையான இறக்கமே தட்டையாகிவிடும். ஹெட் சாப்பர், கில்லர் ஃபால் என்று பேரைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள், சாதாரண மட்டத்தில் ஆற்றின் இந்தப் பகுதி ஒன்று முதல் ஆறு வரையான பாய்ச்சல் தரத்தில் இரண்டு, மூன்று அளவுதான். வெள்ளத்தில் அந்தக் கணக்கு செல்லாது. சில பாய்ச்சல் மூழ்கித் தட்டையாகும், சில இடத்தில் குழி ஆளை விடாமல் சுழற்றும். நேற்று ஓட்டின தடம் இன்றைக்கு இருக்கும் என்று இல்லை.

இன்னொன்று. வழக்கம்போல 1957இல் வந்த "த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்" போர்ப் படத்துப் பாலத்தைத்தான் ஆற்றின் முழு வரலாறாகக் காட்டினார்கள். பாலம் கட்டினதும் வெடிவைத்துத் தகர்த்ததும் இங்கேதான், கரையில் மிச்சத்தைப் பார்க்கவும் ஆட்கள் வருகிறார்கள், நல்லது. அந்தக் கதைக்குப் பின்னால் இருக்கிற நிஜமான சயாம் ரயில் பாதையில் (இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் நடுவில் போட்டது) செத்தவர்களில் மலாயாத் தோட்டத் தமிழர் ஆயிரக்கணக்கில். மலைநாட்டுத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடு) இருந்து பார்க்கிறவனுக்கு அது தோன்றாமல் இருக்குமா? ஒரு வரி சொல்லவில்லை. கித்துல்கலவுக்குக் கிட்ட இருக்கிற பெலிலென குகையில் ஆதி மனிதரின் எலும்பு கிடைத்ததைக் கூட வாசலை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்கள்.

ஓயாக்கரை:
கயிறு எறிகிற காட்சிதான் உண்மையிலேயே திருத்த வேண்டியது. தண்ணியில் இருந்தவர் கயிற்றைக் கைமணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றினார், அதை "சமயோசிதம்" என்று வேறு சொன்னார்கள். கயிறு எங்காவது சிக்கினால் அவரும் சேர்ந்து சிக்குவார், கழற்ற முடியாது. சுற்றவே கூடாது, பிடிக்க மட்டும்தான்.

முறை இது. பையில் மிதக்கிற கயிறு, 15 முதல் 20 மீற்றர். எறிகிறவர் முதலில் "கயிறு!" என்று கத்தி அவர் கண்ணைத் தன் பக்கம் திருப்ப வேண்டும். பார்க்காதவருக்கு எறிந்தால் வீண். பையின் வாயைத் தளர்த்தி, கயிற்று நுனியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, பையை ஆளின் தலைக்குச் சற்று அப்பால் விழுகிற மாதிரி எறிய வேண்டும். பை தாண்டிப் போனாலும் கயிறு அவர் மேலே விழும். குறைவாகப் போனால் அவருக்கு எட்டவே எட்டாது. எறிந்த உடனே உட்கார்ந்து, கயிற்றை இடுப்பைச் சுற்றிப் போட்டு, காலை ஒரு கல்லில் ஊன்றிக்கொள்ளுங்கள். நின்றபடி பிடித்தால் பாரம் விழுகிற நொடியில் நீங்களும் தண்ணியில்.

பிடிக்கிறவர் மல்லாந்து, கால் கீழாற்றுப் பக்கம், கால்விரல் தண்ணிக்கு மேலே. கயிறு எந்தக் கரையில் இருந்து வருகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத் தோளின் மேலாகக் கயிற்றைப் போட்டு நெஞ்சோடு பிடிக்க வேண்டும். அப்போது உடம்பு சாய்ந்து, ஓட்டமே ஆளைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும். இழுக்க வேண்டிய தேவையே இருக்காது. தப்பான தோள் என்றால் நடு ஆற்றுக்குத் தள்ளும். எறிகிறவர் நிற்கிற இடத்தையும் அதற்கு ஏற்ற மாதிரி எடுக்க வேண்டும். கயிற்றில் ஊஞ்சல் மாதிரி ஆடி ஆள் கரை சேருகிற இடத்தில் ஓட்டம் ஓய்ந்த அமைதியான தண்ணி இருக்க வேண்டும், அடுத்த பாய்ச்சலோ சாய்ந்த மூங்கிலோ இருக்கக் கூடாது. மூங்கில் கொத்து தண்ணியை மட்டும் விடும், ஆளைப் பிடித்துக்கொள்ளும்.

பட்ச்காரன்:
நிகழ்ச்சியில் அந்த மழைப் புகாரை (மூடுபனியை) காட்டிக் காட்டிப் பரவசப்பட்டார்கள். கிழிந்த படகுக்குப் பட்ச் ஒட்டுகிற ஆளுக்கு அந்தப் புகார்தான் எதிரி. இலங்கையில் மழை கொட்டுகிற இடங்களில் இது முன்வரிசை. ரப்பர் ராஃப்டுக்குப் போடுகிற இரட்டைப் பசை காற்றில் ஈரம் 70 சதவீதம் தாண்டினால் சரியாகப் பிடிக்காது. பசை காய்கிற நேரத்தில் அதன் மேலே கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் விழும். ஒட்டினால் அன்றைக்கு நிற்கும், அடுத்த கிழமை ஓரம் கழரும். மழை விட்ட வெயில் மதியத்தில், மூடின அறையில் வைத்து ஒட்டுங்கள்.

பட்ச் கிழிசலைவிட எல்லாப் பக்கமும் 5 சென்ரிமீற்றர் பெரிது, மூலை வட்டமாக வெட்டினது. கூர்மூலை முதலில் உரியும். இரண்டு பரப்பையும் மணல்தாளால் மங்கும்வரை தேய்த்து, கரைப்பான் நனைத்த துணியால் துடைத்து, மெல்லிய பூச்சு ஒன்று, அது காய்ந்ததும் இரண்டாவது. விரல்முட்டி வைத்தால் ஒட்டுகிற மாதிரி இருந்து பசை நூல் இழுக்காத பதத்தில் வைத்து, நடுவில் இருந்து ஓரத்துக்கு உருளையால் அழுத்த வேண்டும். 24 மணித்தியாலம் காற்று அடிக்கக் கூடாது. அவசரப்பட்டு அடித்தால் முழு வேலையும் திரும்பச் செய்ய வேண்டும்.

கயாக் தம்பி:
காற்று எவ்வளவு அண்ணே? டிவியில் கல்லு மாதிரி அடித்து வைத்திருந்தார்கள்.

பட்ச்காரன்:
பக்கக் குழாய்க்கு 2 முதல் 2.5 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு). நான்கு அறையையும் முதலில் பாதி பாதி அடித்துக்கொண்டு வர வேண்டும். ஒன்றை முழுக்க அடித்துவிட்டு மற்றதுக்குப் போனால் நடுத்தடுப்புச் சீலை ஒரு பக்கமாக இழுபட்டுக் கிழியும், அதை வெளியில் இருந்து ஒட்ட முடியாது. பிறகு சுற்றி வந்து நிரப்பி, அதற்குப் பிறகு தளம், குறுக்குக் குழாய். கரையில் வெயிலில் கல்லாக இருந்த குழாய் குளிர்ந்த தண்ணிக்குள் ஐந்து நிமிடத்தில் தொய்யும், அதனால் தண்ணியில் போட்டுவிட்டு இன்னொரு தடவை அடிக்க வேண்டும். பகல் சாப்பாட்டுக்குக் கரையில் ஏற்றினால் நேர்மாறு, ஒவ்வொரு வால்விலும் கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டு, முடிந்தால் நிழலில் இழுத்துப் போடுங்கள். அந்த நிகழ்ச்சியில் படகை நட்ட வெயிலில் கவிழ்த்துவைத்து அதன் மேலேயே பேட்டி எடுத்தார்கள்.