ஏற்காடு ஹோம்ஸ்டே போர்டு: கேள்விக்குறியா, புள்ளியா?

நாகலூர்_காபி:
ரூம்ல மாட்ட இங்கிலீஷ் அறிவிப்பு. அஞ்சு ரோடு ஃப்ளெக்ஸ் கடைக்கு நாளைக்குள்ள ஓகே சொல்லணும். கடைசிக் குறியெல்லாம் சரியாங்க?

1. ப்ளீஸ் டெல் அஸ் வென் யூ வில் செக் அவுட்?
2. வுட் யூ கைண்ட்லி ஸ்விட்ச் ஆஃப் தி கீசர்.
3. வாட் எ வியூ ஃப்ரம் பகோடா பாயின்ட்?
4. பிரேக்ஃபாஸ்ட் ஸ்டார்ட்ஸ் அட் 8 ஏ.எம்..

அஸ்தம்பட்டி_டியூஷன்:
1-க்கு முற்றுப்புள்ளிதான். 'வென்' இருந்தாலே கேள்வின்னு நெனைக்கறதுல வர்ற வினை இது. முதல் வினைச்சொல்லைப் பாருங்க: 'டெல் அஸ்', அதாவது சொல்லுங்கன்னு கேட்டுக்கறோம். உள்ள இருக்கறதும் 'யூ வில்'. நேர்க்கேள்வின்னா 'வென் வில் யூ செக் அவுட்?'னு இடம் மாறியிருக்கும். 'ஐ வொண்டர் இஃப்', 'ஹி ஆஸ்க்டு வேர்' எல்லாத்துக்கும் புள்ளிதான்.

2: வடிவம் கேள்வி, அதனால கேள்விக்குறி பொருந்தும். பதில் எதிர்பார்க்காத வேண்டுகோள்னு புள்ளி வைக்கறவங்களும் உண்டு. போர்டுக்கு எதுக்கு இந்த இழுபறி? 'ப்ளீஸ் ஸ்விட்ச் ஆஃப் தி கீசர்.' முடிஞ்சுது.

3: வியப்பு. ஆச்சரியக்குறி ஒண்ணு போதும், மூணு வேண்டாம்.

4: சுருக்கத்தோட புள்ளியே வாக்கியத்தையும் முடிச்சிடும், ரெண்டாவதை எடுத்துடுங்க. ஆனா கேள்வின்னா '8 ஏ.எம்.?'னு புள்ளியும் வரும், கேள்விக்குறியும் வரும்.

சேலம்_ப்ரூஃப்:
டியூஷன் சார் சொன்ன இடமாற்றத்தை மட்டும் நம்பிடாதீங்க. 'ஹூ டுக் தி கீ?' இதுல எதுவும் இடம் மாறலை, ஆனா கேள்வி, ஹூதான் எழுவாய். 'யூ ஆர் லீவிங் டுடே?'ன்னு குரலை உயர்த்திக் கேட்டாலும் கேள்விக்குறிதான். முதல் வரியையே 'கேன் யூ டெல் அஸ்'னு ஆரம்பிச்சா கடைசியில கேள்விக்குறி வந்துடும், முழு வாக்கியமே கேட்குதே.

ப்ரூஃப்ல குறிக்கு முன்னாடி ஸ்பேஸ் இருக்கான்னும் பாருங்க. இருந்தா, வரி மடங்கறப்ப குறி மட்டும் அடுத்த வரிக்குத் தனியா போயிடும். 'ஹவுஸ் ரூல்ஸ்' மாதிரி தலைப்புக்குப் புள்ளியே வேண்டாம்.

நாகலூர்_காபி:
நன்றிங்க. இன்னும் ஒண்ணு: 'தேர் ஆர் 20 ஹேர்பின் பெண்ட்ஸ், ப்ளீஸ் டிரைவ் ஸ்லோலி.' இது?

அஸ்தம்பட்டி_டியூஷன்:
ரெண்டு முழு வாக்கியத்தைக் கமா தாங்காது. 'பெண்ட்ஸ்' பக்கத்துல புள்ளி, 'ப்ளீஸ்' பெரிய எழுத்துல ஆரம்பிக்கணும். இல்லன்னா கமாவை அப்படியே வச்சுக்கிட்டு, அதுக்கப்புறம் 'ஸோ' போட்டுக்கலாம். கடைசியில புள்ளி சரி.