பெண்ட் செய்த சுரத்தில் வைப்ரேட்டோ வரவில்லை, உதவுங்கள்

நண்பர்களே, கிட்டாரைத் தொட்ட நாளிலிருந்து எனக்கு எல்லாமே ப்ளூஸ் கிட்டார் கலைஞர்களான பி.பி. கிங்கும் ஆல்பர்ட் கிங்கும்தான், இன்றும் எதை வாசித்தாலும் அவர்கள் சாயல் வந்துவிடுகிறது. ஆல்பர்ட் இடதுகைக்காரர், வலதுகைக் கிட்டாரைக் கம்பி மாற்றாமல் அப்படியே திருப்பிப் பிடித்தவர், அதனால் மெல்லிய கம்பிகளைக் கீழ்நோக்கி இழுத்தே பெண்ட் செய்வார் (அதாவது கம்பியை வளைத்துச் சுருதியை ஏற்றுவார்). நான் மேலே தள்ளுகிறேன், சுருதி முழுசாக ஏறுவதற்குள் விரல் நழுவிவிடுகிறது. மூன்று விரலையும் சேர்த்துத் தள்ளினால் சரி, சுருதி நிற்கிறது, ஆனால் அங்கேயே வைப்ரேட்டோ, அதாவது சுருதியைச் சற்றே ஏற்றி இறக்கும் அசைவு, கொடுக்க முடியவில்லை. பி.பி. கிங் ஒரு விரலை ஊன்றி மணிக்கட்டை ஆட்டினாலே அந்த ஒற்றைச் சுரம் பாடும்! இதை எப்படிப் பழகினீர்கள்? எந்தக் கனத்தில் கம்பி போடுகிறீர்கள்? அப்புறம், உங்கள் முதல் ஹீரோவின் பிடியிலிருந்து சொந்த வாசிப்புக்கு எப்படி வந்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.